முள்ளுக்காட்டு ரோட்டில் காற்று இறங்கினால்: எதை வைத்து, எப்படி அடிப்பது?

மதுரையைச் சுற்றி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தால், சில மாதத்துக்குள் ஒருநாள் வழியில் காற்று இறங்கியே தீரும். அதற்காக சைக்கிளையும் டயரையும் குறை சொல்ல வேண்டாம். இங்கே ரோட்டோரமும் கண்மாய்க்கரையும் சீமைக்கருவேலம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் தென் மாவட்டங்களில் இதை அகற்றச் சொல்லி உத்தரவே போட்டது. ஆனாலும் நகரத்தைத் தாண்டி எந்தக் கண்மாய்க்குள் இறங்கினாலும் இன்றைக்கும் கண்ணில் படுவது அதுதான். விறகு வெட்டி டிராக்டரில் ஏற்றிப் போகும்போது சின்னச் சின்னச் சிம்பாக உதிர்ந்துகொண்டே போகும். காய்ந்த கருவேல முள் ஆணிக்குச் சமம்.

அதற்கடுத்தது நெருஞ்சி. மஞ்சள் பூ பூத்து ரோட்டு விளிம்போடு ஒட்டிப் படர்ந்திருக்கும். அதன் முள் சின்னது, குத்தியது தெரியாது, வீட்டுக்கு வந்து காலையில் பார்த்தால் டயர் தரையோடு தரையாக இருக்கும். மூன்றாவது எதிரி நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் கிடக்கிறது. லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகளிலிருந்து பிரிந்த மெல்லிய இரும்புக் கம்பி, தலைமுடி கனத்துக்கு. இது குத்தினால் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றடிக்க எதை வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இந்த முட்களில்தான் இருக்கிறது. கண்ணாடித் துண்டோ ஆணியோ குத்தினால் ஓட்டை ஒன்று. நம் ஊரில் ஒரே முள்சிம்பு ஏறினால் டியூபில் இரண்டு, மூன்று ஓட்டை. ஒரே நாளில் இரண்டு தடவை நிற்க வேண்டி வரலாம். அதனால் ஒரு தடவை அடித்தால் தீர்ந்துபோகும் எதையும் மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. கையால் அடிக்கும் பம்பு ஒன்று சைக்கிளோடு எப்போதும் இருக்கட்டும். மற்றதெல்லாம் அதற்கு மேல் வைத்துக்கொள்ளும் வசதி.

முதலில் வால்வைப் பாருங்கள்

பம்பு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வால்வைப் பாருங்கள். மூன்று வகை உண்டு.

நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளிலும், பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளிலும் பெரும்பாலும் இருப்பது டன்லப் வால்வு. மேலே ஒரு சின்ன நட்டு இருக்கும். அதைக் கழற்றினால் ஒரு குச்சி வெளியே வரும், அதன்மேல் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அந்த ரப்பரைத்தான் வால்டியூப் என்கிறோம். காற்று உள்ளே போகும்போது ரப்பர் விரிந்து வழி விடும், திரும்பி வர விடாது. ரப்பர் வெயிலில் வெந்து பிசுபிசுத்துவிட்டால், பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். இந்த வகை சைக்கிள் வைத்திருப்பவர்கள் இரண்டு அங்குல வால்டியூபைப் பர்சில் போட்டுக்கொள்ளுங்கள். விலை ஒன்றுமே இல்லை, பல தடவை அது ஒன்றுதான் தேவைப்படும்.

இரண்டாவது ஷ்ரேடர். பைக்கிலும் காரிலும் இருக்கிற அதே தடித்த வால்வு, நடுவில் அமுக்கினால் உஸ்ஸென்று காற்று விடும் ஊசி. மலையேற்ற சைக்கிள், கியர் வைத்த சாதாரண சைக்கிள் பலவற்றில் இதுதான். பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம்.

மூன்றாவது பிரெஸ்டா. ஒல்லியாக, நீளமாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். விலை கூடின ரோடு சைக்கிள்களில் வரும். அதற்கு ரிம்மில் போடும் துளை ஆறு, ஆறரை மில்லிமீட்டர்தான். ஷ்ரேடருக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் பிரெஸ்டா ரிம்மில் ஷ்ரேடர் டியூப் நுழையாது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ அவசரத்துக்கு டியூப் வாங்கி மாட்டிவிடலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிரெஸ்டா வைத்திருந்தால் உபரி டியூப் உங்கள் பையிலேயே இருக்க வேண்டும். கூடவே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பிரெஸ்டா மேல் அதைத் திருகினால் ஷ்ரேடர் போல ஆகிவிடும், பைக் பஞ்சர் கடையில்கூடக் காற்றடித்துக்கொள்ளலாம். நான் அதை வால்வு மூடி மாதிரி சைக்கிளிலேயே திருகி வைத்திருக்கிறேன், தேடவே வேண்டாம்.

பிரெஸ்டாவுக்கு என்று இருக்கும் பம்பு தலை பெரும்பாலும் டன்லப் வால்விலும் பிடிக்கும். வீட்டில் அப்பாவின் பழைய சைக்கிளும் உங்கள் ரோடு சைக்கிளும் இருந்தால் ஒரே பம்பில் சமாளிக்கலாம்.

கையடி பம்பில் எது?

கடையில் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: அழுத்தம் அதிகம் ஏற்றுவது, காற்று அதிகம் தள்ளுவது. இதில் குழப்பமே வேண்டாம், குழாயின் கனத்தைப் பாருங்கள்.

உள்விட்டம் 2 சென்டிமீட்டர் உள்ள ஒல்லிப் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறியிருக்கும்போது அதை உள்ளே தள்ள, சுமார் 18 கிலோ எடையைத் தூக்குகிற பலம் வேண்டும். அதே அழுத்தத்துக்கு 2.8 சென்டிமீட்டர் குழாய் என்றால் 35 கிலோ. ஒல்லி உடம்புக்காரர், பதினைந்து வயதுப் பிள்ளை, யாராலும் அதைத் தொடர்ந்து அடிக்க முடியாது. அதனால் 25, 28 மில்லிமீட்டர் அகலம் மாதிரி ஒல்லி டயருக்கு ஒல்லிப் பம்பு. மலையேற்ற சைக்கிளின் தடித்த டயருக்கு 30 பி.எஸ்.ஐ. போதும், ஆனால் உள்ளே இடம் அதிகம். ஒல்லிப் பம்பில் அடித்தால் கை கடுக்காது, பொழுதுதான் போகும். அதற்குத் தடித்த பம்பு.

எத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது. உள்ளங்கை நீள ஒல்லிப் பம்பு ஒரு அடிக்கு முப்பது, நாற்பது மில்லிலிட்டர்தான் தள்ளும். 28 மில்லிமீட்டர் டயரை வெறும் டியூபிலிருந்து 80-க்குக் கொண்டுவர இருநூறு அடிக்கு மேல் ஆகும். முதல் தடவை அடிக்கிறவர்கள் ஐம்பதாவது அடியில் டயர் இன்னும் கொழகொழவென்று இருப்பதைப் பார்த்துப் பம்பு பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பழுது இல்லை, எண்ணிக்கொண்டே அடியுங்கள்.

வாங்கும்போது நான் விடாப்பிடியாகப் பார்ப்பது ஒன்று: பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் சின்ன ரப்பர் ஹோஸ் இருக்கிறதா? ஹோஸ் இல்லாமல் தலையை நேராக வால்வில் மாட்டுகிற பம்பில், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஆடும். பிரெஸ்டா ஊசி வளையும், டியூபும் வால்வும் சேரும் அடிப்பகுதியில் கிழியும். அங்கே கிழிந்தால் ஒட்டவே முடியாது. ஹோஸ் வைத்தது கொஞ்சம் கனம்தான், ஆனால் புதிதாகப் பழகுகிறவர்கள் அதையே வாங்குங்கள். அதில் சிலவற்றைக் கீழே ஊன்றி, காலால் மிதித்துக்கொண்டு நின்றபடி அடிக்கலாம். இடுப்பு வலிக்காரர்களுக்கு அது வரம்.

கேஸ் குப்பி

விரல் நீளத்தில், இரும்பில், கார்பன் டை ஆக்சைடு அடைத்த குப்பி. தலையில் ஒரு திருகு மாட்டி வால்வில் வைத்துத் திறந்தால் சில நொடியில் டயர் விறைத்துவிடும். பார்க்க ஆசையாக இருக்கும். எனக்கும் ஆசை வந்தது, இரண்டு வாங்கினேன்.

வழக்கமாகக் கிடைக்கிற 16 கிராம் குப்பியில் இருப்பது, வெளியே விட்டால் ஏறக்குறைய 9 லிட்டர் இடத்தைப் பிடிக்கும் வாயு. இந்த ஒரு கணக்கை வைத்தே உங்கள் டயருக்கு அது போதுமா என்று பார்த்துவிடலாம். 28 மில்லிமீட்டர் டயரின் உள்ளே ஒன்றேகால் லிட்டர் இடம், ஆகவே 100 பி.எஸ்.ஐ. பக்கம் வரும். 35 மில்லிமீட்டர் என்றால் 2 லிட்டர், 60 சொச்சம் வரும். பழைய பெரிய சைக்கிளின் 28-க்கு ஒன்றரை அங்குல டயரில் 50-ஐத் தொட்டால் அதிர்ஷ்டம். 26 அங்குல மலையேற்ற டயரில் 4 லிட்டருக்கு மேல் இடம் இருப்பதால் 30 தான். பெரிய 29 அங்குலம் என்றால் 25-க்கு மேல் ஏறாது, அதற்கு 25 கிராம் குப்பி வேண்டும். அதுவும் துளி சிந்தாமல் உள்ளே போனால் வரும் கணக்கு. கைப்பழக்கம் வரும்வரை கொஞ்சம் வெளியே போகத்தான் செய்யும்.

என் கதை இது. அழகர்கோவில் ரோட்டில் அப்பன் திருப்பதி தாண்டிப் பின்சக்கரம் உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறு மணிகூட ஆகவில்லை. டயரில் முள் தெரிந்தது, பிடுங்கினேன், புது டியூப் போட்டேன், குப்பியைத் திறந்தேன். அரை நிமிடத்தில் வேலை முடிந்த சந்தோஷம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் திரும்ப இறங்கிவிட்டது. பழைய டியூபை ஒட்டி இரண்டாவது குப்பியைப் போட்டேன். அதுவும் நிற்கவில்லை. பம்பு வீட்டில் இருந்தது. தள்ளிக்கொண்டு நடந்தேன்.

டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை, அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரப் பெரியவர் டயரைக் கழற்றும் முன்னாலேயே கேட்டார்.

"முள்ளப் பாத்தியாப்பா?"

"எடுத்துட்டேன்ய்யா. ஒண்ணு இருந்துச்சு."

"ஒண்ணுதானா? கருவேல முள்ளு சோடி சோடியாத்தானப்பா இருக்கும். இன்னொண்ணு உள்ளதான் கெடக்கும்."

பழைய வேட்டித் துணி ஒன்றை எடுத்து, டயரின் உள்பக்கமாக மெதுவாக ஒரு சுற்று இழுத்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் துணி இழை மாட்டி நின்றது. அங்கே விரலை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் டயரை வெளிப்பக்கமாக மடக்கிக் காட்டினார். வெளியே முறிந்துபோய், ரப்பருக்குள் ஒளிந்துகொண்டு, உள்பக்கம் அரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிய முள்நுனி. குறடால் பிடுங்கினார். துணியை மறுபடியும் சுற்றினார், எதிர்த்திசையில். இன்னோர் இடத்தில் மாட்டியது.

"முள்ளப் புடுங்காம காத்தடிச்சா எம்புட்டு நேரம் நிக்கும் சொல்லு" என்றார். அன்றிலிருந்து என் பையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வேட்டித் துண்டு இருக்கிறது.

குப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழுவாகப் போகும்போது, பின்னால் இருபது பேர் காத்து நிற்கும்போது, அதன் அருமை தெரியும். ஆனால் அதோடு பம்பும் இருக்க வேண்டும். குப்பியை வைத்திருந்தால் இன்னும் சில விஷயங்கள். திறக்கும்போது குப்பி பனிக்கட்டியாகக் குளிர்ந்து விரலில் ஒட்டிக்கொள்ளும், துணியால் சுற்றிப் பிடியுங்கள். இந்த வாயு டியூப் ரப்பர் வழியாகக் காற்றைவிட வேகமாகக் கசியும், மறுநாள் டயர் தொளதொளத்திருந்தால் பஞ்சர் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழுக்க இறக்கிவிட்டுச் சாதாரணக் காற்று அடித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் குப்பியை விட்டுவிட்டுப் போகவே கூடாது. 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமாக இருப்பது முழுக்க வேறு நிலைக்குப் போய் அழுத்தம் மளமளவென்று ஏறும், நம் ஊரில் 31 டிகிரி என்பது காலை வெயில்.

பேட்டரிப் பம்பு

இப்போது நிறையப் பேர் கையில் இருக்கிறது. செல்போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும், வேண்டிய அழுத்தத்தை எண்ணாகக் குறித்துவிட்டால் அதுவே நிறுத்திக்கொள்ளும். வயதானவர்களுக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும், தனியாக ஓட்டும் பெண்களுக்கு ரோட்டில் நிற்கும் நேரத்தைக் குறைக்கவும் நல்ல பொருள். வாங்கலாம்.

குறைகளும் உண்டு. தீப்பெட்டி போல இரண்டு அடுக்கின அளவில் வரும் குட்டி வகை ஒல்லி டயர் ஒன்றிரண்டை நிரப்புவதற்குள் தீர்ந்துவிடும். அரைக் கிலோ எடையுள்ள பெரியது பல டயருக்குத் தாங்கும், ஆனால் சட்டைப் பையில் வைக்க முடியாது. அடிக்க அடிக்க நுனி கொதிக்கும், அடித்து முடித்ததும் வெறும் கையால் பிடுங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜ் இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றுங்கள். வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிந்த தேதியை எழுதும் காலண்டரிலேயே அதையும் எழுதி வைக்கலாம்.

பஞ்சர் கடையும் பெட்ரோல் பங்கும்

சைக்கிள் ஓட்டி மறந்துபோனவர்களுக்கும் இது ஞாபகம் இருக்கும்: நம் ஊரில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை உண்டு. டயரைத் தூக்கி மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அதுதான் பலகை. ஒத்தக்கடை, மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி என்று பெரிய ரோட்டில் போகிறவர்களுக்குக் கவலையே இல்லை. ஆனால் சைக்கிள்காரர்கள் விடியுமுன் கிளம்புகிறோம், கடைகள் எட்டு மணி வாக்கில்தான் திறக்கும். அரிட்டாபட்டிப் பாறைப் பக்கமோ, பாலமேடு தாண்டி சாத்தையார் அணைப் பக்கமோ உள்ளே போய்விட்டால் கடையை எதிர்பார்க்க முடியாது.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. கூச்சப்படாமல் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆனால் கருவியைக் காருக்கு அடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டே இருக்க விடக் கூடாது. சைக்கிள் டியூபில் இடம் கம்மி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறி வெடித்துவிடும். "அண்ணே, விட்டு விட்டு அடிங்கண்ணே" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நொடி அடி, கட்டைவிரலால் அமுக்கிப் பார், இன்னொரு நொடி அடி. எவ்வளவு வைக்க என்று கேட்டால் டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்த எண்ணைக் காட்டி, அதைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வழியில் நின்றபிறகு

சக்கரம் கொழகொழத்ததும் உடனே இறங்குங்கள். இன்னும் கொஞ்சதூரம் என்று ஓட்டினால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, ஒரு ஓட்டை பத்து ஓட்டை ஆகும். நான்கு வழிச்சாலை என்றால் வண்டி வராத பக்கமாக ரோட்டோரத் தடுப்புக்கு அந்தாண்டை போய்விடுங்கள். புளியமர நிழல் கிடைத்தால் நல்லது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புல்லுக்குள் இறங்காதீர்கள், அங்கேதான் நெருஞ்சி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போங்கள்.

முதலில் வால்வைச் சோதியுங்கள். கொஞ்சம் காற்றடித்து, எச்சிலை விரலில் தொட்டு வால்வு நுனியில் வையுங்கள். குமிழ் வந்தால் பஞ்சர் இல்லை. டன்லப் என்றால் வால்டியூப் மாற்றுங்கள், ஷ்ரேடர், பிரெஸ்டா என்றால் உள்ளே திருகியிருக்கும் ஊசிப் பகுதி (கோர்) லூஸாகியிருக்கும், இறுக்குங்கள்.

அடுத்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். முள் தெரிந்தால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். சில சமயம் முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். வீடு பக்கம் என்றால் முள்ளோடு காற்றடித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி அடித்து, வீட்டுக்கே வந்துவிடலாம். நாகமலையிலிருந்து காளவாசல் வரை இப்படி மூன்று தடவை அடித்து வந்து சேர்ந்திருக்கிறேன். குப்பியை நம்பியிருந்தால் இது நடக்காது.

தூரம் அதிகம், கழற்றத்தான் வேண்டும் என்றால், கழற்றும் முன் வால்வுக்கு நேராக டயரில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்ததும், வால்விலிருந்து அத்தனை சாண் தள்ளி டயரில் முள்ளைத் தேடலாம். டியூபில் காற்றடித்துக் கன்னத்துப் பக்கமாக, உதட்டுப் பக்கமாகக் கொண்டுபோனால் கையில் தெரியாத காற்றும் தெரியும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கும் நாளாக இருந்தால் முக்கிப் பார்த்துவிடலாம். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்தாதீர்கள், டியூப் முழுக்கப் பாருங்கள்.

பிறகு துணி. இரண்டு திசையிலும் ஒவ்வொரு சுற்று. விரலைவிட்டுத் துழாவ வேண்டாம், இரும்புக் கம்பியாக இருந்தால் சதையைக் கிழிக்கும்.

உபரி டியூப் இருந்தால் அதைப் போடுங்கள், ஒட்டும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, அது உலரும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு பேட்ச் வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. விரலால் தொட்டால் ஒட்டாமல், இழுத்தால் லேசாகப் பிடிக்கும் பதம். நம் வெயிலில் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

டியூபை உள்ளே வைப்பதற்கு முன் பத்து அடி காற்றடித்து உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். தட்டையாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும், டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கும். டயரை ஏற்றி முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுத்துவிடுங்கள், அடியில் சிக்கியிருந்தால் விலகிவிடும்.

இப்போது காற்று. பிரெஸ்டா என்றால் நுனித் திருகை மேலே வரும்வரை அவிழ்த்து, ஒருமுறை விரலால் அமுக்கி உஸ்ஸென்று விட்டுப் பாருங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் ஊசி விலகும். பம்பு தலையைச் சாய்க்காமல் நேராக, ஆழமாக மாட்டி, தலையில் இருக்கும் லீவரைப் போடுங்கள். ஹோஸ் இல்லாத பம்பு என்றால் இடதுகைக் கட்டைவிரலை டயர்மேல் வளைத்து, மற்ற விரல்களால் பம்பு தலையையும் சக்கரக் கம்பியையும் சேர்த்துப் பிடியுங்கள், அடி வாங்குவது வால்வு இல்லாமல் உங்கள் கையாக இருக்கட்டும். அடியை முழுசாக, நிதானமாக அடியுங்கள். படபடவென்று பாதிப் பாதி அடித்தால் கை சோரும், காற்று ஏறாது.

இருபது முப்பது அடியில் ஒருமுறை நிறுத்துங்கள். ரிம்மை ஒட்டி டயரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். அது எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மேலே ஏறியோ உள்ளே அமுங்கியோ இருந்தால் அங்கே டியூப் சிக்கியிருக்கிறது. காற்றை விட்டு, கையால் பிசைந்து சரிசெய்துவிட்டு மறுபடி அடியுங்கள். இதைப் பார்க்காமல் அடித்தால் 60 ஏறும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வரும், கையில் இருந்த ஒரே டியூபும் போய்விடும்.

எவ்வளவு அடிப்பது? வழியில் முழு அளவுக்கு ஏற்ற வேண்டியதில்லை. டயர் ஓரத்தில் போட்டிருக்கும் அதிகபட்ச எண்ணில் எழுபது, எண்பது சதவீதம் வந்தால் வீடு சேரலாம். உடம்பு பாரம் அதிகம் பின்சக்கரத்தில்தான் விழும், அதனால் பின்னால் கொஞ்சம் கூடுதல், முன்னால் கொஞ்சம் குறைவு. அளவுமானி இல்லாவிட்டால் சைக்கிளில் உட்கார்ந்து கீழே பாருங்கள், பின் டயர் ரோட்டில் லேசாக அகன்று நிற்க வேண்டும், ரிம் தட்டக் கூடாது. நண்பகலில் தார்ரோடு கொதிக்கும்போது அழுத்தம் தானாகக் கொஞ்சம் ஏறும், அதற்கும் இடம் விட்டு வைத்தது போல இருக்கும். சில டயரில் கிலோபாஸ்கல் கணக்கில் போட்டிருப்பார்கள், 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பி.எஸ்.ஐ.

டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவர்களுக்கு உள்ளே ஊற்றியிருக்கும் பால் போன்ற அடைப்புத் திரவமே சின்ன முள் குத்திய ஓட்டையை அடைத்துவிடும், அவர்களுக்கும் பம்பு வேண்டும். குப்பியை அடித்தால் சில வகைப் பால் கட்டிதட்டிப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பம்பை வாங்கியதும் பையில் போட்டு மூடிவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு வாசலில் வைத்து, பின்சக்கரத்தின் காற்றை வேண்டுமென்றே இறக்கி, டயரைக் கழற்றி, மாட்டி, அந்தச் சின்னப் பம்பாலேயே முழுக்க அடித்துப் பாருங்கள். தலை உங்கள் வால்வில் பிடிக்கிறதா, எத்தனை அடி ஆகிறது, டயரை நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இரண்டு போதுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். என் அக்கா மகள் தெப்பக்குளம் பக்கம் கல்லூரிக்கு சைக்கிளில் போகத் தொடங்கியபோது மூன்று தடவை இப்படிக் கழற்றி மாட்ட வைத்தேன். மூன்றாவது தடவை கால் மணி நேரத்தில் முடித்தாள். அவள் பையில் இப்போது இருப்பவை: ஹோஸ் வைத்த பம்பு, உபரி டியூப், இரண்டு லீவர், பேட்ச், உப்புத்தாள், சின்னக் குறடு, வேட்டித் துண்டு. போன மாதம் விரகனூர் பக்கம் இறங்கியபோது அவள் யாரையும் கூப்பிடவில்லை, கிளாசுக்கு மட்டும் பத்து நிமிடம் தாமதம். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் பிடுங்கிய இரண்டு முள்ளையும் தீப்பெட்டியில் போட்டு என்னிடம் காட்டினாள்.